காதுகுத்தாத வீட்டுத் தாம்பூலப் பைகள்

கேட்டதை வாங்காமல் எந்தக் கடைப்படியும் இறங்காத எங்கள் செண்பகம் மைனிக்கு,

நல்லா இருக்கியளா? இப்படிக் கேட்பது கிறுக்குத்தனம் என்று தெரியும். ஆனால் உங்களிடம் வேறு எப்படிப் பேச்சைத் தொடங்க? போனை எடுத்ததும் நீங்கள்தான் முதலில் கேட்பீர்கள், "என்னட்டி, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று. இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன். சொதி. நேற்றும் சொதி. முந்தாநாள் தேங்காய்ச் சாதம். ஏன் இந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தேங்காயாகவே ஓடுகிறது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாரும் படுத்தாச்சு. வாசல் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டேன், கேஸை மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டேன், மறுபடி தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டேன். நான் ஒன்றும் மாறவில்லை மைனி. என் மகன் கவின் ஒரு தும்மல் போட்டால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். மருந்துக் கடையிலேயே வேலை பார்க்கிற மனுசனைக் கட்டியும் இந்தப் பயத்துக்கு மருந்து கிடைக்கவில்லை. "நீ பயப்படுத பயத்துல ஒரு ஊருக்கே கரண்ட் எடுக்கலாம்" என்று இவுக சொல்லுதாக.

உங்களைக் கட்டிய என் அண்ணன் மஸ்கட்டில் நன்றாக இருக்கிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவான். ஏ.சி. மெக்கானிக் வேலை, வெயிலில் மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி, பனைமரத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி கறுத்துவிட்டான். உங்கள் மகள் காந்திமதி ஏழாம் வகுப்பு. என் காது உயரத்துக்கு வந்துவிட்டாள். இந்த ரெண்டு வருசமாக அவள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

தெரியாத ஒன்று இருக்கிறது. அதை இவ்வளவு நாளும் உங்களிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உங்கள் மகள் எதுவும் கேட்க மாட்டாள்.

"இன்னொரு தோசை போடட்டா மதி?" என்றால், "போதும் அத்தை." துணிக்கடையில் "எது புடிச்சிருக்கு?" என்றால், "எதுன்னாலும் சரி அத்தை." பென்சில் தேய்ந்து தேய்ந்து, பிடிக்க ஒன்றும் இல்லாமல், ஒரு பேனா மூடிக்குள் சொருகி எழுதிக்கொண்டிருந்தாள். நான் பார்த்து வாங்கிக் கொடுத்தால்தான் உண்டு. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள், குளித்த துண்டை நாலாய் மடித்துப் போடுவாள். கதவைத் திறப்பது மூடுவது கூடச் சத்தம் வராது.

பார்க்கிறவர்கள் எல்லாம், "இப்படி ஒரு நல்ல புள்ளையா!" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு ஒவ்வொரு பாராட்டும் முள்ளு மாதிரி குத்தும். லீவுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த பிள்ளைதானே மைனி இப்படி இருக்கும்? லீவு முடிந்தால் போய்விடலாம் என்று இருக்கிற பிள்ளை?

அதுவும் யாருடைய மகள்? ஒரே ஒரு ரவிக்கைத் துணி எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, கட்டைப்பை ஒண்ணு தாங்க" என்று கல்லாவுக்கு முன்னால் நின்ற உங்கள் மகள். டவுன் பஸ் டிரைவரிடம், "எங்க வீட்டு வாசல்ல கொஞ்சம் பைய நிப்பாட்டுங்களேன், பலகாரச் சுமை இருக்கு" என்று சொல்லி நிறுத்தவும் வைத்தவர் நீங்கள். உங்கள் கல்யாணத்தில், மணமேடையில் உட்கார்ந்தபடியே என்னைக் கண்ணால் கூப்பிட்டீர்களே, நான் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தால், "ஏட்டி, பாயசம் தீர்ந்துரும். எனக்கு ஒரு டம்ளர் எடுத்து ஒளிச்சு வையி" என்றீர்கள். அப்போது நான் கல்லூரியில் சேர்ந்த புதிது. இப்படிக் கூச்சமே இல்லாத ஒரு ஆள் நம் வீட்டுக்கு வருகிறதே என்று எனக்கு ஒரே கூச்சம். அந்தப் பாயசத்தை எடுத்து வைத்தபோதுதான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்த அந்த மூன்று மாதத்தில் ஆளாளுக்கு அவளிடம், "அம்மாவத் தொந்தரவு பண்ணாத, எதையும் கேக்காத" என்று சொல்லியிருப்பார்களோ? யார் சொன்னது, என்ன சொன்னது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவளும் சொன்னதில்லை.

சரி, கதைக்கு வாரேன்.

காலாண்டு லீவு முடிந்ததும் அவள் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சேவைத் திட்டம் கொடுத்தார்கள். ஒரு குழு மரக்கன்று வைக்கணும். ஒரு குழு ஆத்தங்கரைப் படித்துறையில் மக்கள் விட்டுவிட்டுப் போகிற பழந்துணியைப் பொறுக்கணும். மதி குழுவுக்கு, களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு சின்னத் தொடக்கப்பள்ளிக்கு எழுதுபொருள் திரட்டிக் கொடுக்கிற வேலை. வாழைத்தோட்டத்திலும் எஸ்டேட்டிலும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். புத்தகம், நோட்டு, சீருடையெல்லாம் அரசாங்கம் தந்துவிடுகிறது. ஆனால் பென்சில் தேயுமே, ரப்பர் தொலையுமே, வரைய வண்ணம் வேண்டுமே. அதற்குத்தான்.

குழுவுக்குத் தலைவி யார் என்று சீட்டு எடுத்திருக்கிறார்கள். வந்தது உங்கள் மகள் பெயர்.

வீட்டுக்கு வந்தவள் பையைக் கூடக் கழற்றாமல் நின்றாள். "அத்தை, வீடு வீடா போயி கேக்கணுமாம்." ஏதோ காய்ச்சல் வந்த பிள்ளை மாதிரி முகம். நான் உடனே, வேறு குழுவுக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்ல, ஸ்டெல்லா டீச்சர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தேன். இவுக வந்து போனைப் பைய வாங்கி வைத்துவிட்டார்கள். "ஒருநாள் கேட்டுத்தான் பாக்கட்டுமே. உலகமா இடிஞ்சிரும்?" உலகம் இடியாது, என் மருமகள் இடிந்துவிடுவாளே என்று நினைத்தேன்.

முதல்நாள் சாயங்காலம் தோழிகள் ரெண்டு பேரோடு எதிர்வீட்டுப் பேச்சி சித்தி வாசலுக்குப் போனாள். நான் மாடியில் துணி எடுக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சி சித்தியை உங்களுக்கு மறந்திருக்காது, தெருவில் யார் வீட்டில் தாளிச்சாலும் அது என்ன குழம்பு என்று சொல்லக்கூடியவர்கள். "என்னட்டி, மூணு பேரா வந்து நிக்கிய?" என்று சித்தி கேட்டதுதான் தாமதம். மதி வாயைத் திறந்தாள், மூடினாள். "ஒண்ணுமில்ல சித்தி, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் ஒரு யோசனையோடு வந்தாள். நம் வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குமே, உள்ளே முழுக்கப் பைகளாக? போன கல்யாணம், வந்த கல்யாணம், பால்காய்ப்பு, காதுகுத்து என்று சேர்ந்த தாம்பூலப் பைகள். அந்தப் பையை இறக்கித் தரையில் கொட்டினாள். "இதுல ஒவ்வொரு பையா வீட்டு கேட்ல மாட்டி விட்டுருவோம் அத்தை. உள்ள ஒரு சீட்டுல என்ன வேணும்னு எழுதி வச்சிருவோம். பையே கேட்டுக்கிடும். நாம கேக்க வேண்டாம்."

பையே கேட்டுக்கிடும்! எனக்கு அழுவதா அவளைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. வாய் திறக்காமல் கேட்க ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள் பிள்ளை. நானும் எம்.ஏ. படித்த கையால் அழகான தமிழில் சீட்டு எழுதினேன். தோழிகள் வீட்டுப் பைகளும் வந்து சேர்ந்தன.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன் மைனி. நீங்கள் இருந்திருந்தால் என் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பீர்கள். மஞ்சள் பையை வெறுமையாக ஒரு வீட்டு வாசலில் மாட்டலாமா, மனசு கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் போடலாமா என்று பார்த்தேன். கேட்டில் எலுமிச்சம்பழம் தொங்கினால் செய்வினை என்று அலறிவிடுவார்களே என்று மூளையாக யோசித்து, ஒவ்வொரு பையிலும் ஒரு மஞ்சள் கிழங்கும் ரெண்டு ஆரஞ்சு மிட்டாயும் போட்டேன். விடிந்ததும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் தெரு முழுக்க மாட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நான் கவினுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சி சித்தி விடுவிடுவென்று உள்ளே வந்தார்கள். கையில் நம் பை. என்னைப் பார்க்கவே இல்லை. நேரே கவினைத் தூக்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், அவன் காதைப் பிடித்து மடக்கிப் பார்த்தார்கள்.

"எங்கட்டி ஓட்டை?"

"என்ன ஓட்டை சித்தி?"

"காதுகுத்து முடிச்சிட்டு பையை மட்டும் கேட்ல தொங்க விட்டுட்டுப் போயிருக்க! மதி காலையில மாட்டுனத நான் பாத்தேன்லா, உன் வீட்ல காது குத்தாத பிள்ளை இவன் ஒருத்தன்தான! எதுத்த வீட்டுக்காரி நான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. சோறு போடலன்னா பரவாயில்ல, சொல்லக் கூடாதா? ஆமா, தாய்மாமன் மஸ்கட்லலா கிடக்கான். யாரு மடியில வச்சுக் குத்துன?"

நான் பதில் சொல்வதற்குள் வாசலில் அடுத்த ஆள். அதற்குப் பின்னால் இன்னும் ரெண்டு பேர். விசேஷ வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதே, அதனால் எல்லார் கையிலும் பை, பைக்குள் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. ஒருவர் கவினுக்குச் சட்டை எடுத்து வந்திருந்தார். கோபமாக ஒரு கூட்டம், பாசமாக ஒரு கூட்டம், ரெண்டும் கலந்து ஒரு கூட்டம். கூடத்தில் தேங்காய் உருளுகிறது. கவின் தன் காதை ரெண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "குத்தாத! குத்தாத!" என்று ஓடுகிறான். கடையிலிருந்து வந்த இவுக, வாசல் நிறையச் செருப்பைப் பார்த்துப் பதறி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டபடியே உள்ளே வந்தார்கள். "உம் மவனுக்குக் காதுகுத்து. உமக்காவது சொன்னாவளா?" என்றார்கள் பேச்சி சித்தி.

மதி பள்ளிக்கூட உடுப்போடு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். இன்றைக்கோடு இந்தப் பிள்ளை வாயை இறுக மூடிக்கொள்ளப் போகிறது என்று நினைத்தேன். நான் எல்லாரிடமும் சொல்லிப் புரியவைக்க எழுந்தேன். அதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். முகம் சிவந்து கிடந்தது.

"சித்தி, காதுகுத்து இல்ல. அது பென்சில் வாங்குத பை. உள்ள சீட்டு இருந்துச்சுல்லா?"

"சீட்டா? மிட்டாய்க் கடை பில்லுன்னு நெனச்சு அடுப்புல போட்டுட்டேனே."

"படிக்காமலா?"

"கண்ணாடி யாரு போட்டிருந்தா?"

மற்றவர்களும் சித்தி சொன்னதே போதும் என்று சீட்டைப் பிரிக்கவில்லையாம். மதிக்குக் கோபம் வந்துவிட்டது. ரெண்டு வருசத்தில் நான் பார்க்காத கோபம். "அப்ப இப்ப கேளுங்க. களக்காடு மலையடியில ஒரு பள்ளிக்கூடம். அங்கன உள்ள சின்னப் பிள்ளையளுக்குப் பென்சில் வேணும், ரப்பர் வேணும், ஸ்கேல் வேணும், கலர் பென்சில் வேணும், ரஃப் நோட்டு வேணும். நீங்க எல்லாரும் தேங்காயக் கொண்டு வந்து குடுத்தா அதுக தேங்காய வச்சா எழுதும்?"

அப்புறம் யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து எல்லாரும் சிரிக்க, பேச்சி சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்கள்: "ஏ, இது யாரு பேசுதான்னு தெரியுதா? செண்பகம்லா பேசுதா!"

உங்கள் பெயரை அவள் முன்னால் இந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை மைனி. பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று எல்லாருமே தவிர்த்துக்கொண்டிருந்தோம். நான் பயந்து மதியைப் பார்த்தேன். அவள் பேச்சி சித்தியைப் பார்த்து, "அப்ப நீங்க என்ன தாரிய?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் அந்தத் தெருவில் அவள் கால் படாத படி இல்லை. பையை மாட்டிய வீட்டுக்கெல்லாம் திரும்பப் போய், நடந்ததைச் சொல்லி, வேண்டியதைக் கேட்டாள். கவினை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். வேறு எதற்கு, சாட்சிக்குத்தான். வீட்டுக்கு வீடு அவன் காதைப் பார்த்த பிறகுதான் நம்பினார்கள். முதல் நாலைந்து வீட்டில் மதியின் குரல் தரையைப் பார்த்தது. அப்புறம் நிமிர்ந்துவிட்டது. "ஒண்ணு தந்தா போதுமா, வீட்ல பிள்ளைய ரெண்டுலா உங்களுக்கு?" என்று ஒரு வீட்டில் கேட்கிற அளவுக்கு.

மிச்சம், தேங்காய். சமைத்துத் தீர்க்க முடியாது, ஒவ்வொரு வீடாகத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது, கொண்டுவந்ததைத் திருப்பினால் அதற்கு ஒரு கோபம் வரும். "கடையில குடுத்து மாத்துவோம் அத்தை" என்றாள் மதி. சாக்கில் கட்டி, தேரடிப் பக்கம் பலசரக்கும் பள்ளிக்கூடச் சாமானும் விற்கிற அண்ணாச்சி கடைக்கு ஆட்டோவில் போனோம். அண்ணாச்சி ஒவ்வொரு காயாகக் காதுகிட்ட ஆட்டிப் பார்த்து, விரலால் சுண்டிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கம், தண்ணீர் வற்றிய நொள்ளையை ஒரு பக்கம் ஒதுக்கினார். நல்லதற்குப் பென்சில் டப்பாக்களும் வண்ணப் பென்சிலும் எடுத்துத் தந்தார். நொள்ளை நம் வீட்டுக்குத் திரும்பியது. இந்த வாரச் சொதிக்கு அதுதான் காரணம், கழித்துக் கட்டியது போக மிச்சம் அவ்வளவு.

எல்லாம் கட்டி முடித்து நான் படி இறங்கிவிட்டேன். மதி இறங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"ரப்பர்."

"ரப்பர் கணக்குல இல்லையே."

"கொசுறு."

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளை ஒரு பார்வை பார்த்தார். சிரித்துக்கொண்டே ஒரு ரப்பர் டப்பாவை எடுத்து வைத்தார். "இப்படிப் படியை விட்டு இறங்காம நிக்க ஒரு அம்மா உண்டு. கறிவேப்பில வாங்காமப் போவ மாட்டா. ரொம்ப நாளா ஆளக் காணோம்."

மதி டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டாள். "அது எங்கம்மாதான் அண்ணாச்சி. இப்ப இல்ல" என்றாள். அண்ணாச்சி ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்து பைகளை நிரப்பினார்கள். அந்தத் தாம்பூலப் பைகள்தான், வேறு பை எதற்கு? அப்போது பேச்சி சித்தி வீட்டிலிருந்து வந்த பைகளில் ஒன்றை எடுத்து உதறினேன். குப்பென்று புளி வாசனை. மங்கிப்போன சிவப்பு எழுத்து. கணேசன் – செண்பகவல்லி.

உங்கள் கல்யாணப் பை, மைனி. நம் வீட்டில் ஒன்று கூட மிஞ்சவில்லை. இவ்வளவு வருசமாகச் சித்தி அதில் புளி போட்டு வைத்திருந்திருக்கிறார்கள்.

நான் சட்டென்று அதை என் சேலைகளுக்கு அடியில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அவள் பார்த்தால் அழுவாளோ, பார்க்காவிட்டால் அவளிடமிருந்து மறைத்தது ஆகிவிடுமோ, ரெண்டு பக்கமும் பயம். கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து, "அத்தை, ஒரு பை குறையுதே" என்று குரல் வந்தது. ஒரு பிள்ளைக்கு இல்லாமல் போகுமே. திரும்ப எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் வாங்கினாள், நிரப்பினாள், மற்றதோடு அடுக்கினாள். பெயரைப் படித்தாளா? படிக்கவில்லையா? நான் கேட்கவில்லை. பார்த்தியளா, கேட்காத வியாதி அவளுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வேனில் போனோம். ஸ்டெல்லா டீச்சர், பிள்ளைகள், துணைக்கு நான், என்னை விட்டு இருக்காத கவின். மலை இவ்வளவு கிட்டத்தில் நின்றால் மழை வருமோ, வேன் சறுக்குமோ என்று எனக்கு வழியெல்லாம் யோசனை. பள்ளிக்கூடம் ரெண்டே அறை. முன்னால் ஒரு வேப்பமரம், பின்னால் வாழை, அதற்குப் பின்னால் மலை.

பை கைக்கு வந்ததும் பிள்ளைகள் முதலில் பார்த்தது உள்ளே இருந்த பென்சிலை இல்லை, வெளியே இருந்த பெயரை. "ஏலே, எனக்கு முருகேசன்! நான் மாப்பிள!" "லே, உனக்கு மீனாட்சின்னுலா போட்டிருக்கு, நீ பொண்ணு!" "ஏ டீச்சர், இவன் ராஜபாளையத்துல பொண்ணு எடுத்திருக்கான் டீச்சர்!" ஒரே களேபரம். காதுகுத்துப் பை கிடைத்தவனுக்குக் காதைப் பிடித்துக் குத்துகிற மாதிரி நடிப்பு. அதைப் பார்த்துக் கவின் மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டான். அந்தப் பள்ளி டீச்சர் பிரம்பை எடுத்தவர், சிரிப்பு தாங்காமல் அதைக் கீழே வைத்துவிட்டார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் மதி மட்டும் நின்றுவிட்டாள். வரிசையின் கடைசியில் ரெண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, உங்கள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றது. மதி அதன் முன்னால் போய்க் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள்.

"உன் பேரென்ன?"

"முத்துமாரி."

"முத்துமாரி, இந்தப் பையை எனக்குத் தருவியா? உள்ள இருக்கது எல்லாம் உனக்குத்தான். பை மட்டும் எனக்கு வேணும்."

எனக்கு வேணும். நான் வேப்பமரத்தடியில் கவினை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு?" என்றது அது.

"அதுல எங்கம்மா பேரு இருக்கு."

முத்துமாரி பையைத் திருப்பி, விரலை வைத்து எழுத்துக் கூட்டியது. "செ... ண்... ப... க... உங்கம்மாகிட்ட கேட்டா உனக்கு வேற பை தர மாட்டாவளா?"

"எங்கம்மா செத்துப் போயிட்டாவ."

அது பையையும் பார்த்தது, மதியையும் பார்த்தது. "சரி, தாரேன். நீ எனக்கு அந்த ரிப்பன் தருவியா?"

மதி சிரித்துவிட்டாள். ஒரு சடையை அவிழ்த்து நீல ரிப்பனை நீட்டினாள். முத்துமாரி பையை விடவில்லை. "ரெண்டும்."

"ரெண்டுமா?"

"எனக்கும் ரெண்டு சடைலா?"

நீங்கள் அங்கே இருந்திருந்தால் அந்த முத்துமாரியை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

திரும்பி வரும்போது தலையை விரித்துப்போட்டபடி, மடியில் பையை வைத்துக்கொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக வாழைத்தோட்டம் போய்க்கொண்டே இருந்தது.

"அத்தை, புளி வாடை அடிக்கி."

"துவைச்சுத் தரட்டா?"

"வேண்டாம். எழுத்து போயிரும்." கொஞ்ச தூரம் போனதும், "அத்தை, எனக்கு ரிப்பன் வேணும்" என்றாள். அப்புறம், ஏதோ பெரிய பாறையை நகர்த்துகிற மாதிரி மூச்சை இழுத்து, "ஷூ கடிக்கி. அதுவும் வேணும்."

"எப்ப இருந்து கடிக்கி?"

"பள்ளிக்கூடம் தொறந்ததுல இருந்து."

ஐந்து மாதமாகப் பிள்ளை காலைக் கடிக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் மைனி, அந்த அழுகைக்கு உள்ளே ஒரு நாதஸ்வரம் வாசித்தது. கேட்டுட்டா. வாய் திறந்து, என்கிட்ட, தனக்குன்னு கேட்டுட்டா.

அன்று சாயங்காலமே ஷூ வாங்கினோம். அதோடு நின்றதா? ஆம்லெட் வேணும். தோழி வீட்டுக்குப் போகணும். தலையணை தட்டையா இருக்கு, மாத்தணும். "தினமும் சொதியா?" என்று நேற்று என்னைப் பார்த்து ஒரு கேள்வி. நான் நொள்ளைத் தேங்காயைக் காட்டினேன்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், "அத்தை, எனக்குன்னு ஒரு போன் வேணும்" என்றாள். ரெண்டு வருசமாக எதுவும் கேட்காத பிள்ளை, இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறது. இல்லை என்று சொன்னால் மறுபடி மூடிக்கொண்டுவிட்டால்? ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் போனா? எல்லாப் பயத்தையும் முழுங்கிக்கொண்டு, "அதெல்லாம் கிடையாது" என்றேன்.

"நான் எது கேட்டாலும் நீங்க தர மாட்டியளே!" என்றாள். எது கேட்டாலுமாம்! விறுவிறுவென்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

படார் என்று சாத்தினாள் மைனி. சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது. தூங்கிக்கொண்டிருந்த கவின் எழுந்துவிட்டான். "என்ன சத்தம்?" என்று இவுக ஓடிவந்தார்கள். நான் கூடத்தின் நடுவில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். விருந்தாளிப் பிள்ளை யாராவது அப்படிக் கதவைச் சாத்துமா? அது தன் வீட்டுக் கதவு என்று தெரிந்த பிள்ளை சாத்துகிற சாத்து.

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு ஒரு விரற்கடை திறந்தது. "அத்தை, நாளைக்குச் சொதி வேண்டாம்." மறுபடி சாத்திக்கொண்டது, இந்தத் தடவை பைய.

இப்போது போய்ப் பார்த்தேன். தூங்குகிறாள். உங்கள் பை கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது, அறையே புளி மணக்கிறது.

மைனி, உங்களுக்கு நான் ஒன்று சொல்லித் தாரேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவள் கேட்கிறதையெல்லாம் நான் தரமாட்டேன். தரவேண்டியதைத் தருவேன், கூடாததைக் கூடாது என்பேன், அவள் எத்தனை தடவை கதவைச் சாத்தினாலும் மறுநாள் காலையில் அதைத் தட்டித் தோசைக்குக் கூப்பிடுவேன். தையில் அண்ணன் வருகிறான். அவன் மடியில் உட்காரவைத்து, நிஜமாகவே கவினுக்குக் காது குத்துவோம். பேச்சி சித்திக்கு முதல் அழைப்பு. தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு பென்சிலும் இருக்கணும் என்பது உங்கள் மகளின் உத்தரவு. பந்தி தொடங்கும் முன்னால் ஒரு டம்ளர் பாயசம் தனியாக எடுத்து ஒளித்து வைப்பேன். அதை யார் குடிக்க வேண்டும் என்று மதியிடம் சொல்லிவிடுகிறேன். கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அன்று பாயசம் எடுத்து வைத்த உங்கள் நாத்தனார்,
காந்திமதி கதவைச் சாத்துகிற வீட்டு அத்தை,
சுகந்தி